காக்கா கொத்திய தலை

பங்குனியில் எங்கள் தோட்டத்து வேப்பமரம் பூத்துக் கொட்டியது. உச்சியில் ஒரு காக்கா கூடு கட்டியிருந்தது. ஆண்குயில் வந்து கத்தி வம்புக்கு இழுக்கும். காக்கா அதைத் துரத்திக்கொண்டு போனதும் பொட்டைக்குயில் கூட்டுக்குள் நுழைந்து முட்டை வைத்துவிட்டுப் பறக்கும். இந்தக் களவாணித்தனத்தைப் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. ஒரு நாள் காலையில், துணி துவைக்கும் கல்மேல் ஏறி அண்ணாந்தேன். காக்கா நடுமண்டையில் கொத்திவிட்டது.

காக்கா தலையில் அடித்தால் ஆகாது என்பார்கள் எங்கள் பக்கம். அடிபட்டவர் செத்துவிட்டதாகச் சொந்தத்தில் யாருக்காவது பொய்ச்சேதி சொல்ல வேண்டும். கேட்டவர் அழுதால் தோஷம் கழியும். பிறகு உண்மையைச் சொல்லிவிடலாம்.

"யாருக்கு அத்த போன் போடறது?" என்றாள் மருமகள்.

"மணலூர்பேட்டைக்குப் போடு."

அங்கே என் தங்கச்சி இருக்கிறாள். அவள் மகள் கல்யாணத்தில், குழம்பில் கறியை வலை போட்டுத் தேடினேன் என்று சொல்லித் தொலைத்தேன். ரெண்டு வருஷமாகப் பேச்சில்லை. எனக்காக அவள் அழுவாளா என்று தெரிய வேண்டும். தோஷமெல்லாம் அப்புறம்.

மருமகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நன்றாகத்தான் சொன்னாள். ஸ்பீக்கரில் அழுகைச் சத்தம் கேட்கவில்லை. தங்கச்சி, "எத்தினி மணிக்கு எடுக்கறீங்க?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். திரும்பப் போட்டால் எடுக்கவில்லை.

எனக்கு உட்கார முடியவில்லை. வாசலுக்கும் தோட்டத்துக்கும் நடந்தேன். கஞ்சியை ஆற வைத்துவிட்டுக் குடிக்க மறந்தேன். குயில் கத்தியது, திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

"காலு நோவப் போவுது, ஒக்காருத்த."

"செத்தவளுக்குக் காலு நோவுமா? போடி."

மத்தியானம், தலையில் அலுமினியச் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு மரத்தடியில் நின்றேன். தங்கச்சி மாலையோடு வந்தாள். ஒரு காலில் அவள் செருப்பு, இன்னொரு காலில் அவள் புருஷன் செருப்பு. என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னாக்கா, இன்னும் போவலியா?"

"நீ அழுவலியேடி. அதான் நின்னுக்கினு இருக்கேன்."

"சங்கராபுரம் வரைக்கும் அழுதுக்கினுதான் வந்தேன். கண்டக்டரு தண்ணி வாங்கிக் குடுத்தாரு."

சொல்லிவிட்டு மாலையாலேயே என் முதுகில் ரெண்டு போட்டாள். பதிலுக்குக் கேலி பேச வாயைத் திறந்தேன். கண்ணீர்தான் வந்தது. அவள் சட்டியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"செத்தவ அழுவக் கூடாதுக்கா. நட உள்ள."