தொண்ணூறாம் நம்பர் ஜெட்டும் பின்சீட்டும்

முதலில் என் மடத்தனத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கடலூரிலிருந்து சிதம்பரம் போய்ச் சேர்வதற்குள் என் பழைய மோட்டார் சைக்கிள் மூன்று முறை நின்றால் அதை விற்றுவிடுகிறேன் என்று மனைவி சுமதியிடம் நானே வலியப்போய் வாக்குக் கொடுத்தேன். அவள் கேட்கவே இல்லை. தோசை ஊற்றிக்கொண்டிருந்தவள் திரும்பி, "மூணு தடவதான? சரி" என்றாள். வாங்குவதற்கு ஆளையும் அன்றைக்கே பிடித்துவிட்டாள். சிதம்பரம் மேலவீதியில் அவள் அக்கா வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரர்.

வண்டிக்கும் எனக்கும் ஒரே வயது, ஐம்பத்திரண்டு. டூ ஸ்ட்ரோக், இரட்டை சைலன்சர். எட்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் அதன் கார்புரேட்டரைக் கழற்றி, ஊதி, மாட்டி, ட்யூன் செய்து, சில்வர் பீச் வரை ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம். அந்த நேரத்தில் சுமதி டவுன் பஸ்ஸில் மார்க்கெட்டுக்குப் போய்வருவாள்.

காலை 8.10. மஞ்சக்குப்பத்தில் புறப்பாடு. சிதம்பரம் நாற்பத்தைந்து கிலோமீட்டர். ஊரைத் தாண்டும்வரை தேரில் போவது போலிருந்தது.

8.50. ஆலப்பாக்கம் தாண்டியதும் இன்ஜின் கொதித்து, மூச்சடைத்து நின்றது. "ஒண்ணு" என்றாள் சுமதி. அரை மணி நேரம் ஆறவிட்டு உதைத்தேன், கிளம்பியது.

9.40. புதுச்சத்திரம். மறுபடியும் அதே கொதிப்பு, அதே மூச்சடைப்பு. இம்முறை அவள் எண்ணவில்லை. முந்தானையால் என் கழுத்து வேர்வையைத் துடைத்துவிட்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

10.30. மாட்டுவண்டி வேகத்தில் பி.முட்லூர். பரங்கிப்பேட்டைக்கு ரோடு பிரிகிற இடத்தில் ஜமால் பாயின் ஒர்க் ஷாப். பாய் ப்ளக்கைக் கழற்றினார். சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்திருந்தது. என் எட்டு வருட ஆராய்ச்சியைப் பத்து நிமிடத்தில் விளக்கினேன். ரேடியோ விளம்பரத்தைக் கேட்பது போலக் கேட்டுவிட்டு, சுமதி பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லும்மா. நிக்கிறதுக்கு முன்னாடி என்னா சத்தம் வந்துச்சு?"

"முழுசா முறுக்குனா கணகணன்னு வருது பாய். தகரத்துல கல்லு போட்டாப்ல. ரெண்டு தடவையும் அப்படித்தான். சொன்னா இவருக்குக் கோவம் வரும்னு சொல்லல."

பாய் கார்புரேட்டரைப் பிரித்து, மிளகு அளவுப் பித்தளைத் துண்டு ஒன்றை வெளியே எடுத்தார். அதுதான் மெயின் ஜெட். அதிலுள்ள ஊசித் துளை வழியாகத்தான் இன்ஜினுக்குப் பெட்ரோல் போகிறது. பொடி எழுத்தில் 90 என்றிருந்தது. இந்த வண்டிக்கு 95 அல்லவா என்றார். மைலேஜுக்காகச் சின்னது போட்டேன் என்று கார்புரேட்டரிடம் சொல்வது போல முணுமுணுத்தேன்.

"ஒத்த ஆளு போனா இது போதும் சார், பாதி முறுக்குலயே போயிடுவீங்க. ரெண்டு பேருன்னா முழுசா முறுக்கணும். அப்ப பெட்ரோல் பத்தல, காத்துதான் ஜாஸ்தி. சூடேறி நின்னுடுது. இத்தினி வருஷத்துல இவுங்கள ஒரு நாளாச்சும் பின்னாடி உக்கார வெச்சு ட்யூன் பண்ணீங்களா?"

நான் பக்கத்திலிருந்த டயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல டயர்.

புது ஜெட் அறுபது ரூபாய். மாட்டிவிட்டு, இருவரையும் ஏற்றி, பெட்ரோல் பங்க் வரை முழு முறுக்கில் போய் அங்கேயே சட்டென்று அணைக்கச் சொன்னார். மொபெட்டில் பின்னாலேயே வந்து, ப்ளக்கைக் கழற்றிக் காட்டினார்.

"வறுத்த தனியா கலரு" என்றாள் சுமதி.

அதுதான் சரியான கலர் என்றார் பாய். எட்டு வருடமாக நான் தேடிய நிறம் எங்கள் அஞ்சறைப் பெட்டியிலேயே இருந்திருக்கிறது.

பங்க் எதிரில் இரண்டு டீ, இருபத்து நான்கு ரூபாய். 11.45க்குக் கிளம்பினோம். சுமதியின் கை என் தோளில் இருந்தது. எப்போது கடைசியாக இருந்தது என்று யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை. "இப்ப கணகணன்னு வரல" என்றாள். கத்தாமல் சொன்னதே காதில் விழுந்தது. இப்படியே ராமேஸ்வரம்வரை போகலாம் என்று நினைத்தேன்.

வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறியதும் வண்டி இருமி நின்றது.

மூன்று. இறங்கி ஸ்டாண்ட் போட்டு ஸ்பேனரை எடுத்தேன். பாயின்ட், காயில் என்று வாய் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. ப்ளக்கைக் கழற்றினேன், துடைத்தேன், மாட்டினேன். சுமதி குனிந்து டேங்குக்கு அடியில் பார்த்துவிட்டு எதையோ திருகினாள். குழாயில் பெட்ரோல் இறங்கியது. எங்கே நிறுத்தினாலும் பெட்ரோல் டேப்பை மூடிவிடுவது என் பழக்கம். டீக்கடையில் மூடியதைத் திறக்காமலே கிளம்பியிருக்கிறேன். கார்புரேட்டரில் மிச்சமிருந்த பெட்ரோலிலேயே பாலம்வரை வந்திருக்கிறது.

வாக்கு வாக்குதான். மேலவீதிக்காரருக்கு நீயே போன் போட்டு, மூணாவது தடவையும் நின்னுடுச்சுன்னு சொல்லிடு என்றேன்.

சுமதி முந்தானையைச் செருகிக்கொண்டு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"வண்டி எங்க நின்னுச்சு மாமா, நீதான நின்ன."