பெற்றோல் எஞ்சினும் ஏறி இறங்கும் கதிரையும்

செலீனின் உயரம் நாலடி பத்தங்குலம். நாற்பத்தொரு வயது வரைக்கும் அது அவளுக்கு ஒரு குறையாகப் பட்டதேயில்லை. டோர்வல் விமான நிலையத்துக்குச் சாப்பாடு கட்டும் கூடத்தில் தட்டடுக்கும் மேசை அவளுக்குச் சரியான அளவு. கனடாவின் மொன்ட்ரியால்-நோரில், மூன்றாம் மாடி வீட்டுக் குசினி அலுமாரியின் மேல்தட்டை எட்ட ஒரு ஸ்டூல் போதும். 1993 ஒக்ரோபரில்தான் அந்த நாலடி பத்தங்குலம் அவளை நித்திரை கொள்ளவிடாமல் செய்யத் தொடங்கியது.

அவளுடைய கணவர் பத்திநாதர் மன்னார்க்காரர். ஆறு குளிர்காலமாக பியர்பொன்ட்ஸில் வீட்டு வாசல்களில் பனி தள்ளிக் கொடுப்பவர். பிக்கப்பின் முன்னால் பெரிய இரும்பு பிளேட்டைப் பூட்டி, விடிவதற்குள் முப்பத்தெட்டு வீட்டு வாசலையும் துடைத்துவிட்டு வருவார். அந்த வருஷமும் செப்ரெம்பரிலேயே முப்பத்தெட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் இரத்தத்தில் சீனி கூடும் சலரோகம் அவருடைய கண்ணில் கைவைத்தது. கண் டொக்டர் இரண்டு கண்ணுக்குள்ளும் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, இனி வாகனம் ஓடக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார். பட்ட காலிலே படும் என்பது போல, அதே கிழமை பழைய பிக்கப்பைப் பார்த்த மெக்கானிக்கும் அடிச்சட்டம் துருப்பிடித்து முறிந்துவிட்டது, இனி இது றோட்டுக்கு உதவாது என்று கையை விரித்தார்.

"வீட்டுக்காரர் எல்லாருக்கும் போன் பண்ணி, இந்த முறை ஏலாது எண்டு சொல்லுவம்," என்றார் பத்திநாதர்.

"நவம்பர் வரப்போகுது. இப்ப சொன்னா அதுகள் வேறை யாரைப் பிடிக்கிறது?" என்றாள் செலீன். "என்னட்டையும் லைசென்ஸ் இருக்கு. நான் ஓடுறன்."

சொன்ன பிறகுதான் அவள் யோசித்தாள். கார் ஓடியிருக்கிறாள். அவ்வளவு பெரிய வாகனத்தை அவள் ஓடியதில்லை. ஆனால் முதல்நாள்தான் ரமா என்ற வாடிக்கைக்காரி போன் எடுத்திருந்தாள். சென்னைக்காரி, ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து டொக்டர். "செலீன், இந்த வருஷமும் நீங்கதானே? எத்தனை அடி ஸ்னோ விழுந்தாலும் ஆறு மணிக்கு நான் ஆபரேஷன் தியேட்டர்ல இருக்கணும். உங்களைத்தான் நம்பியிருக்கேன்," என்றிருந்தாள். செலீன் அதற்கு "ஓம், ஓம்" என்று சொல்லியும் விட்டாள்.

டீலரிடம் இருவரும் சனிக்கிழமை போனார்கள். விற்பனைக்காரன் றெஜான் நல்ல மனிதன். செலீனின் உடைந்த பிரெஞ்சைப் பொறுமையாகக் கேட்டான். பிளேட் பூட்டத்தக்க பாரப் பிக்கப், பெற்றோல் எஞ்சின், சாதாரண மொடல் ஒன்றைக் காட்டினான். நீள பெஞ்ச் சீற். முன்னுக்குப் பின்னுக்குத் தள்ளலாம், உயர்த்த முடியாது. செலீன் ஏறி இருந்தாள். ஸ்டியரிங்குக்கு மேலால் அவளுக்குத் தெரிந்தது வானமும், அகலமான பொனற்றின் முதுகும்தான். வீட்டிலிருந்து கொண்டுவந்த குஷனைப் போட்டு இருந்தாள். இப்போது முன்னுக்குக் கொஞ்சம் தெரிந்தது, ஆனால் கால் பிரேக்கை எட்டவில்லை. நுனிக்கு வந்து இருந்தாள். றெஜான் சாவியைக் கொடுத்து, "மெதுவாக ஒரு சுற்று ஓடிப் பாருங்கள், மதாம்," என்றான்.

அவள் ஸ்டார்ட் பண்ணி, கியரைப் போட்டு, காலைப் பிரேக்கிலிருந்து தளர்த்தினாள். வாகனம் ஒரு முழம் அசைந்திருக்கும். றெஜான் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கத்தினான். அவள் பதறிப் பிரேக்கை மிதித்ததில் குஷன் வழுக்கி, அவளும் கீழே சரிந்தாள்.

பம்பருக்கு முன்னால் பத்திநாதர் முழங்காலில் இருந்தார். பிளேட் பூட்டுகிற இடத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அவளுக்கு அவருடைய தலை மயிர்கூடத் தெரியவில்லை. அவர் உள்ளே கந்தோருக்குப் போய்விட்டார் என்றே நினைத்திருந்தாள்.

பத்திநாதர் எழும்பி முழங்காலைத் தட்டினார். "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை," என்றார். செலீன் இறங்கி வாகனத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பியர்பொன்ட்ஸ் வாசல்களில் பனி விழுந்தவுடன் ஓடிவரும் பிள்ளைகளைப் பற்றி அவள் ஆறு வருஷமாகப் பத்திநாதர் வாயால் கேட்டிருக்கிறாள்.

"இதை நான் ஓடமாட்டன்," என்றாள்.

றெஜான் அவளை இன்னொரு பிக்கப்புக்குக் கூட்டிப்போனான். அதே கொம்பனி, அதே பருமன், ஆனால் உயர்ந்த மொடல். சாரதிக்குத் தனிக் கதிரை. பக்கத்தில் ஒரு சுவிச். அமத்தினால் கதிரை உயர்ந்தது, முன்னுக்கு வந்தது. செலீன் ஏறி அமத்தினாள். பொனற் தாழ்ந்தது போல இருந்தது. முன்னால் நிலம் தெரிந்தது. காலும் எட்டியது. அவளுக்கு மூச்சு வந்தது.

"இது டீசல்," என்றான் றெஜான்.

"பெற்றோலிலை தாங்கோ."

றெஜான் தலையைச் சொறிந்தான். பாரப் பிக்கப்பில் உயர்ந்த மொடல் வாங்குகிறவர்கள் பெரிய ட்ரெயிலர் இழுக்கிறவர்களாம். அவர்கள் டீசல்தான் கேட்பார்களாம். அதனால் கொம்பனி பெற்றோல் எஞ்சினை நகரசபைக்கும் கொந்தராத்துக்காரருக்கும் போகிற சாதாரண மொடலில்தான் போடுகிறதாம். உயர்ந்த மொடலில் பெற்றோல் வருவது ஒன்றோ இரண்டோ. புதிதாகக் கொம்பனிக்கு எழுதிப்போட்டால் வந்துசேரப் பெப்ரவரி ஆகும்.

டீசலோடு போய்விடலாமே என்றால், அதிலும் சிக்கல். கடுங்குளிரில் டீசல் எஞ்சின் இறுகிவிடும். இரவு முழுக்கக் கரண்ட் வயரைச் செருகி எஞ்சினைச் சூட்டில் வைத்திருக்க வேண்டும். பிக்கப் நிற்கப்போவது தெருவோரத்தில்; வீடோ மூன்றாம் மாடியில். செலீன் வீட்டுச் சொந்தக்காரியிடம் போய்க் கேட்டும் பார்த்தாள். "நடைபாதைக்குக் குறுக்கே வயரா? நகரசபையின் பனி அள்ளும் மெஷின் வந்தால் வயரோடு என் பல்கனியையும் இழுத்துக்கொண்டு போகும்," என்று கதவைச் சாத்தினாள் அவள்.

றெஜான் ஒரு கிழமை அங்கேயும் இங்கேயும் போன் பண்ணினான். ஷேர்ப்றூக் ஊர் டீலரிடம் ஒன்று கிடைத்தது: பெற்றோல், உயர்ந்த மொடல், சாம்பல் நிறம். சனிக்கிழமை வரை வைத்திருப்பார்கள் என்றான். வெள்ளிக்கிழமை மத்தியானம் செலீன் வேலைக்கூடத்து போனிலிருந்து அவனைக் கூப்பிட்டாள்.

"மதாம், மன்னிக்க வேணும். காலையில் அதை வித்துப்போட்டார்கள்."

அன்று அவள் இரண்டு தட்டு அடுக்குகளை மாற்றி அனுப்பி, மேற்பார்வைக்காரனிடம் ஏச்சு வாங்கினாள். நவம்பர் ஐந்தாகிவிட்டது. ரேடியோவில் காலநிலை சொல்லும்போதெல்லாம் கையிலுள்ளதை வைத்துவிட்டு நின்றாள்.

வீடு திரும்பும்போது பஸ் ஒரு தரிப்பில் நிற்க, சாரதிகள் மாறினார்கள். இறங்கிப் போனவன் பனை மாதிரி நெட்டை. ஏறியது ஒரு கட்டையான பெண். அவள் பையை வைத்தாள், கதிரைக்குப் பக்கத்தில் எதையோ இழுத்தாள், கதிரை புஸ்ஸென்று அவளை மேலே தூக்கியது. பஸ் புறப்பட்டுவிட்டது. செலீன் அந்தக் கதிரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எஞ்சினை ஒருவரும் மாற்றவில்லை. கதிரைக்கும் எஞ்சினுக்கும் என்ன சம்பந்தம்?

அன்றைக்குத் தன் தரிப்பைத் தாண்டிப் போய் இறங்கி, இரண்டு தெரு திரும்பி நடந்தாள்.

"உயர்ந்த மொடல் கதிரையைக் கழட்டிப் பெற்றோல் வண்டியிலை பூட்டலாமோ?" என்று அடுத்தநாள் றெஜானிடம் கேட்டாள்.

அவன் அங்குமிங்கும் பார்த்தான். "நாங்கள் செய்யமாட்டோம். வெளியில் செய்தால் நான் கேள்விப்படவில்லை." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனால் இரண்டு மொடலுக்கும் தளம் ஒன்றுதான்," என்றான்.

அதை நம்பி அவள் பெற்றோல் பிக்கப்புக்குக் கையெழுத்துப் போட்டாள். போட்ட கையோடு பயம் பிடித்தது. கதிரை கிடைக்காவிட்டால்? கிடைத்தும் பொருந்தாவிட்டால்? இரவில் பத்திநாதர் விழித்திருப்பது அவளுக்குத் தெரியும். அவள் விழித்திருப்பது அவருக்கும் தெரியும்.

கோயிலில் தெரிந்த அருமைராசா ஒரு கராஜில் வெல்டிங் வேலை செய்பவர். டீலரிடமிருந்து வண்டியைத் தன் கராஜுக்கு ஓட்டிவந்து நிறுத்தியதும் அவர்தான். பிறகு நகரின் கிழக்கே பழைய வாகனங்கள் குவித்திருக்கும் காணிக்குச் செலீனைக் கூட்டிப்போனார். அங்கே அதே கொம்பனி உயர்ந்த மொடல் ஒன்று, கூரை நசுங்கிக் கிடந்தது. பெருந்தெருவில் புரண்டதாம். உள்ளே இரண்டு கதிரையும் முழுசாக இருந்தன. செலீன் கிட்டப் போகவில்லை.

"இதை ஓடின ஆளுக்கு என்ன நடந்தது? கேளுங்கோ அண்ணை."

அருமைராசா கேட்டார். காணிக்காரன் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னான்.

"போன கிழமை கையிலை கட்டோடை வந்து, பின்னுக்குக் கிடந்த தூண்டில் தடியை எடுத்துக்கொண்டு போனவராம். தடி முறியேல்லை எண்டு பெரிய சந்தோசமாம்."

அதற்குப் பிறகுதான் செலீன் கதிரையில் கையை வைத்துப் பார்த்தாள்.

புதன்கிழமை பெஞ்ச் சீற்றைக் கழற்றிவிட்டு, வாங்கிவந்த இரண்டு கதிரையையும் பூட்டத் தொடங்கினார்கள். சாரதிக் கதிரைக்கு மூன்று ஓட்டை பொருந்தியது. நாலாவது ஒரு விரலளவு விலகியிருந்தது. அருமைராசா புதுசாகத் துளைத்து, கீழே தடித்த தகடு வைத்து இறுக்கினார். இருக்கைப் பட்டியை இழுத்து இழுத்துப் பார்த்தார். மின் வயரைக் கொடுத்ததும் கதிரை முன்னுக்கு வந்தது. உயரவில்லை.

"மோட்டர் பழுதாய்ப் போட்டுதோ?" என்றாள் செலீன்.

"பொறுங்கோ, பாப்பம்."

வெள்ளிக்கிழமை காலை அவள் சுகமில்லை என்று வேலைக்குச் சொல்லிவிட்டு, பத்திநாதரோடு கராஜில் வந்து நின்றாள். பதினொரு மணிக்கு வெளியே பனி கொட்டத் தொடங்கியது. அருமைராசா கதிரைக்கடியில் மல்லாக்கப் படுத்திருந்தார். செலீன் கண்ணாடியில் பனியைப் பார்ப்பதும் அவருடைய சப்பாத்தைப் பார்ப்பதுமாக நின்றாள். ஒரு வயர் முனை பச்சை பிடித்துப் போயிருந்தது. அதை வெட்டிப் புதுசு வைத்தார். பன்னிரண்டரைக்கு சுவிச்சை அமத்தச் சொன்னார். கதிரை முனகிக்கொண்டு உயர்ந்தது.

"தேவமாதாவே," என்றாள் செலீன். அருமைராசாவுக்கு நன்றி சொல்ல மறந்துபோனாள்.

பழைய பிளேட்டை முன்னால் பூட்டி முடித்ததும் பத்திநாதர் பக்கத்துக் கதிரையில் ஏறினார். கண்ணாடிக்கு வெளியே அவருக்கு எல்லாம் புகைதான். ஆனால் பியர்பொன்ட்ஸின் முப்பத்தெட்டு வாசலும் அவருக்கு மனப்பாடம்.

"இதிலை இடப்பக்கம் தபால்பெட்டி நிக்கும். பிளேட்டை வலப்பக்கம் சரிச்சுப் பிடியும். இப்ப பின்னுக்கு எடும். கெதியா வேண்டாம்."

"தெரியுது, பொறுங்கோ."

"அடுத்ததிலை ஒரு சின்ன மேப்பிள் மரக்கண்டு."

முதல் வாசலுக்கு அவளுக்கு இருபத்தைந்து நிமிஷம் பிடித்தது. அவர் ஐந்து நிமிஷத்தில் முடிக்கிற வேலை. ஒவ்வொரு முறையும் பின்னுக்கு எடுக்க முன்னர் இறங்கி வண்டியைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு ஏறினாள். ரமா வீட்டில் பூப்பாத்திக் கரையில் பிளேட் உரசி நாலு செங்கல் பெயர்ந்து பறந்தது. செலீன் தலையில் கைவைத்துக்கொண்டாள். ரமா மேல்கோட்டைப் போர்த்துக்கொண்டு வெளியே வந்தாள். செங்கல்லை ஒருதரம் பார்த்தாள், சாரதிக் கதிரையில் இருந்தவளை ஒருதரம் பார்த்தாள்.

"நீங்களா ஓட்டறீங்க? அவருக்கு என்ன ஆச்சு?"

செலீன் கண் விஷயத்தைச் சொன்னாள். ரமா மற்றப் பக்கம் போய்க் கதவைத் திறந்து, பத்திநாதரிடம் பத்து நிமிஷம் பேசினாள். எந்த டொக்டர், என்ன சொன்னார் என்று விசாரித்தாள். திங்கட்கிழமை தன் ஆஸ்பத்திரியிலேயே ஒரு கண் டொக்டரைப் பார்க்க ஒழுங்கு பண்ணுவதாகச் சொன்னாள். பிறகு அங்கே செய்த லேசர் சிகிச்சையில் போன பார்வை திரும்பிவரவில்லை. ஆனால் இருந்த பார்வை இன்னும் பல வருஷம் நின்றது.

மேற்பார்வைக்காரனிடம் கெஞ்சிக் கேட்டு, செலீன் குளிர்காலம் முடியும்வரை பின்னேர வேலைக்கு மாறினாள். ஜனவரி நடுவில் குளிர் பூச்சியத்துக்கு முப்பது பாகை கீழே போனது. முதல்நாள் பத்து அங்குலம் பனி. விடியற்காலை தெருவில் இறங்கியபோது மூக்குக்குள் ஈரம் உறைந்தது. சாவியைத் திருப்ப அவளுக்குக் கை வரவில்லை. செபம் சொல்லிவிட்டுத் திருப்பினாள். எஞ்சின் இழுத்தது, இழுத்தது, நின்றது. மறுபடி திருப்பினாள். இரும்பைத் தேய்ப்பது போலச் சத்தம் போட்டுவிட்டு, பிடித்துக்கொண்டது.

அன்று பியர்பொன்ட்ஸில் இன்னொரு பனி தள்ளுகிறவன் தெருவோரத்தில் பொனற்றைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். டீசல். இரவு அவனுடைய தெருவில் கரண்ட் போய்விட்டதாம். "என்னுடைய பதினாலு வீட்டையும் இன்றைக்கு மட்டும் பார்த்துத் தருவீர்களா, மதாம்?" என்று கேட்டான். செலீன் பத்திநாதரைப் பார்த்தாள்.

"அந்த வாசல்கள் எனக்குத் தெரியாது," என்றார் அவர்.

"அப்ப ரெண்டு பேரும் புதுசாய்ப் பழகுவம்."

ஐம்பத்திரண்டாவது வாசல் முடிய மத்தியானம் இரண்டு மணி. அன்று அவளுக்கு வேலையில் ஓய்வு நாள். மூன்று மாடி ஏறி வந்து, மேல்கோட்டைக் கழற்றாமலே சாப்பாட்டு மேசையில் தலையை வைத்தவள் அப்படியே உறங்கிப்போனாள். பத்திநாதர் தடவித் தடவி அவளுடைய சப்பாத்து நாடாவை அவிழ்த்தார். போன் அடித்தது. தெரியாத குரல், அந்தப் பதினாலு வீட்டில் ஒன்று. நாளைக்கும் வருவார்களா என்று கேட்டது.

பத்திநாதர் தனக்குத் தெரிந்த பிரெஞ்சில், மெல்லிய குரலில், "அவவைக் கேட்டுத்தான் சொல்லவேணும். இப்ப நித்திரை," என்றார்.