பெஞ்சின் மறுபாதி

நாடகத்துக்கு இன்னொரு ஆள் வேண்டும் என்பதை நான் வெகுநாள் ஒத்துக்கொள்ளவே இல்லை. பாறசாலையில் ஒரு ஜவுளிக்கடையில் துணி கிழித்துக்கொடுப்பதுதான் என் வேலை. ஆனால் என்ன தொழில் என்று யாராவது கேட்டால் நாடகக்காரன் என்பேன். மேடை ஏறியதெல்லாம் ஊர் வாசகசாலை ஆண்டுவிழாவில் மட்டும்தான். அதற்கே அவ்வளவு கர்வம்.

என்னோடு நடித்தவன் ஒரே ஒருவன், பக்கத்துத் தெருவில் தையல்கடை வைத்திருந்த என் சிநேகிதன், கூட்டுக்காரன். அவனுக்காக ஒரு நாடகம் எழுதினேன். உதியன்குளங்கரை முக்கில் ஒரு பெஞ்சு. தெற்கே நாகர்கோவிலுக்குப் போகிற ஒருவனும் வடக்கே திருவனந்தபுரத்துக்குப் போகிற ஒருவனும் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள். முதலில் பெஞ்சில் இடத்துக்குச் சண்டை, பிறகு ஒரே வெற்றிலைப் பொட்டலத்தில் இருவர் கையும். பேச்சு எங்கள் ஊர்ப் பேச்சு. தமிழில் திட்டிக்கொள்வார்கள், மலையாளத்தில் விலை பேசுவார்கள்.

சாயங்காலம் அவன் கடை அடைத்ததும் வாசல் பெஞ்சில் ஒத்திகை. தினமும் வேஷத்தை மாற்றிக்கொள்வோம். "இண்ணைக்கு நான் தெக்கு, நீ வடக்கு" என்பான். இரண்டு வேஷமும் இருவருக்கும் தெரிந்திருந்தால்தான் எதிராளி சொல்வது காதில் விழும் என்பது அவனுடைய கட்சி.

ஒருநாள் வெற்றிலை பங்குபோடுகிற இடத்தோடு நான் எழுதியது தீர்ந்துபோயிற்று. அதற்குப் பிறகு கையில் இருந்தது கடைசி வசனம் மட்டும்: 'வண்டி வருது. போயிட்டு வாறேன்.' நடுவில் என்ன வைப்பது என்று தெரியாமல் நான் விழித்தேன். அவனும் பேசவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு ஓரத்தில் ரோட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தோம்.

"இது போதும் மக்கா. இங்க ஒண்ணும் எழுதாண்டாம்" என்றான்.

எழுதவில்லை. நாடகத்திலேயே எனக்குப் பிடித்த இடம் அதுதான், அதில் என் எழுத்து ஒன்றுகூடக் கிடையாது.

அப்போது எல்லைப் போராட்டம் சூடுபிடித்திருந்தது. நெய்யாற்றின்கரை தமிழ்நாட்டுப் பக்கம் போகுமா, கேரளப் பக்கம் போகுமா என்பதுதான் சாயாக்கடையில் எல்லோருக்கும் பேச்சு. ஊர்வலம், தடியடி, ஆள்பிடித்தல். ஒரு பக்கத்தார் நாடகத்தை முழுசும் தமிழாக்கச் சொன்னார்கள், மறுபக்கத்தார் முழுசும் மலையாளமாக்கச் சொன்னார்கள். என் வீட்டு அடுக்களைப் பேச்சைத் திருத்த இவர்கள் யார் என்று இரண்டு பேரிடமும் முறைத்துக்கொண்டேன். என் கூட்டுக்காரன் தமிழ்ப் பக்கத்து ஊர்வலத்தில் போக ஆரம்பித்திருந்தான். முதுகில் போலீஸ் தடியால் ஒரு அடியும் வாங்கியிருந்தான்.

"வடக்க போறவன் கடைசீல தல குனியணும். அப்பிடி மாத்து" என்றான்.

"அவன் என்ன தப்பு செய்தான்? பஸ்ஸுக்கு நிக்குதான், அவ்வளவுதான்."

"எலே, நீ எந்தப் பக்கமாக்கும்?"

"தினமும் வேஷம் மாத்தச் சொன்னது நீதானே."

"அது நாடகம். எனக்க முதுகுல விழுந்தது நாடகமில்ல" என்றான். மறுநாளிலிருந்து அவன் ஒத்திகைக்கு வரவில்லை.

கோபம் வந்தது. இரண்டு வேஷமும் எனக்குத் தெரியும், நான் ஒருத்தனே போதும், நடித்துக் காட்டுகிறேன் என்று மனதுக்குள் வீம்பு பிடித்தேன். அதற்குள் எல்லை போட்டுவிட்டார்கள். விளவங்கோடு தமிழ்நாட்டுப் பக்கம் போயிற்று, நாங்கள் கேரளப் பக்கம் நின்றோம். அவன் தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு எல்லைக்கு அந்தப் பக்கம் மார்த்தாண்டத்துக்குக் குடிபோய்விட்டான் என்று சந்தைக்கு வந்த வாழைக்குலைக்காரர் ஒருவர் சொல்லித்தான் தெரியும். என்னிடம் சொல்லவில்லை. பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச தூரம்தான். நானும் ஏறவில்லை.

அந்த ஆண்டுவிழாவில் தனியாக மேடை ஏறினேன். பெஞ்சின் தெற்கு ஓரத்தில் இருந்து பேசுவேன், எழுந்துபோய் வடக்கு ஓரத்தில் இருந்து பதில் சொல்வேன். சிரிக்க வேண்டிய இடத்தில் எல்லாம் சிரித்தார்கள். ஒருத்தனே போதும் என்றுதான் எனக்கும் பட்டது.

வெற்றிலை முடிந்தது. தெற்கு ஓரத்தில் இருந்து ரோட்டைப் பார்த்தேன். பெஞ்சின் மறுபாதி காலியாகக் கிடந்தது. இரண்டு பேர் பேச்சையும் ஒருவன் பேசிவிடலாம், இரண்டு பேர் சும்மா இருப்பதை ஒருவனால் செய்ய முடியாது என்று அப்போதுதான் தெரிந்தது. கூட்டத்தில் யாரோ செருமினார்கள். படுதாவுக்குப் பின்னால் வசனம் எடுத்துக்கொடுக்க நின்ற வாசகசாலைக்காரர் கையில் இருந்த தாளில் அந்த இடமே கிடையாது. "வண்டி வருது... வண்டி வருது" என்று கிசுகிசுத்தார். நான் இன்னும் கொஞ்சம் இருந்து பார்த்தேன். பிறகு எழுந்து, காலி இடத்தைப் பார்த்து, "போயிட்டு வாறேன்" என்றேன். கைதட்டினார்கள்.

உள்ளே வந்ததும் வாசகசாலைக்காரர் தோளில் தட்டினார். "கடைசீல மறந்துபோச்சு, இல்லியா? சாரமில்ல, போகட்டும் மக்கா, ஆருக்கும் தெரியேல்ல."

"ஆமா அண்ணா, மறந்துபோச்சு" என்றேன். இல்லை என்று சொன்னால், அங்கே யாருக்காகக் காத்திருந்தேன் என்று சொல்ல வேண்டியிருக்கும்.