தலையணைக்குள் ஒரு அரிவாள்

எட்டு வயதில் நான் ஓர் அரிவாளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு காரில் பயணம் செய்திருக்கிறேன். இப்போது சொன்னால் அலுவலகத்தில் யாரும் நம்புவதில்லை. பிள்ளைக்கு பெல்ட் போட மறந்தாலே பதறுகிற காலம் இது. அன்றைக்கும் அம்மா எனக்கு பெல்ட் போடத்தான் செய்தார். அரிவாளுக்கும் சேர்த்துப் போட்டார்.

அது முனீஸ்வரனுக்கு நேர்ந்துகொண்ட அரிவாள். மாமா, அதாவது அம்மாவின் ஒரே தம்பி, சிங்கப்பூர் வேலையிலிருந்து நல்லபடியாகத் திரும்பி வந்தால் அரிவாள் செய்து சாத்துவதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தார். மாமாவும் திரும்பி வந்துவிட்டார். உடம்பு இளைத்து, முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, கையில் ஒரு சாக்லெட் கூட இல்லாமல் வந்தார். எங்கள் பக்கத்து வீட்டு அங்கிளும் சிங்கப்பூரில்தான் வேலை பார்த்தார். அவர் வரும்போதெல்லாம் பை பிதுங்கும். மாமா மட்டும் ஏன் இப்படி வந்தார் என்று அம்மாவிடம் கேட்டேன். "சிங்கப்பூர்ல அது வேற பக்கம்மா" என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்பைத் துடைக்கப் போய்விட்டார். சாக்லெட் விற்காத ஒரு பக்கம் சிங்கப்பூரில் இருக்கிறது என்று நான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்கு மாமாவைப் பிடிக்காது. பிடிக்காது என்று அவர் சொன்னதில்லை, ஆனால் நேராக ஒரு வார்த்தை பேசியதும் இல்லை. மாமா எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். அப்பா அம்மாவைப் பார்த்து, "உன் தம்பிய சாப்பிடச் சொல்லு" என்பார். மாமா மட்டும் விடாமல் "மச்சான், மச்சான்" என்று கூப்பிடுவார். அந்த மச்சான் காற்றோடு போய்விடும். சுங்கை வேயில் ஓர் அறை எடுத்துத் தங்கி மாமா வேலை தேடிக்கொண்டிருந்தார். சனிக்கிழமைகளில் கிள்ளானுக்கு எங்கள் வீட்டுக்கு வந்து, அப்பா வேலையிலிருந்து வருவதற்குள் கிளம்பிவிடுவார்.

கோயில் தெலுக் இந்தான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தது. அரிவாளைச் சொல்லிவைத்து வாங்கி வந்தது மாமாதான். பளபளவென்று, என் இடுப்பு உயரத்துக்கு இருந்தது. "இது மாமாவோட அருவா, தொடாதே" என்று அம்மா என்னை எச்சரித்தார். கிளம்புகிற அன்று காலையில் அதை எங்கே வைப்பது என்பதில் தகராறு தொடங்கியது.

காரின் பின்னால் சாமான் வைக்கிற பூட்டில் வைக்கலாம் என்றார் அப்பா. அங்கே செருப்பெல்லாம் கிடக்கிறது, சாமி பொருளை எப்படி வைப்பது என்றார் அம்மா. சீட்டுக்கு அடியில் வைத்தால் கால் படும். மடியில் வைத்துக்கொள்ளலாம் என்றால் வெளியே தெரியும், ரோட்டில் போலீஸ் நிறுத்தினால் என்ன சொல்வது என்றார் அப்பா. அப்போதுதான் அந்தப் பேச்சு வந்தது. காரில் கத்தி வைத்திருந்தால் சட்டப்படி தப்பு என்றார் அப்பா. காரணம் இருந்தால் தப்பில்லை என்றார் அம்மா. மாமா சுவரில் சாய்ந்து நின்றார்.

எனக்குத் தலை சுற்றியது. எங்கள் தாமான் குடியிருப்பு முனையில் இளநீர் விற்கிற அண்ணன் நாள் முழுக்க ரோட்டோரத்தில் பாராங் கத்தி வைத்துக்கொண்டுதான் நிற்கிறார். போலீஸ்காரர்களே அவரிடம் வண்டியை நிறுத்தி இளநீர் குடிப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர் கத்தி மட்டும் எப்படி நல்ல கத்தி ஆனது என்று கேட்டேன். "அது தேங்காய் வெட்டுற கத்தி" என்றார் அப்பா. நம்முடையது எதையும் வெட்டாத கத்திதானே, அப்படியானால் அது இன்னும் நல்ல கத்தியாயிற்றே என்றேன். வாயை மூடிக்கொண்டு காரில் ஏறச் சொன்னார்கள்.

கடைசியில் அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். எனக்கு ஒரு நீளத் தலையணை உண்டு, பாந்தால் பெலோக். அது இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. துவைத்து வைத்திருந்த உறையைப் போட்டு, மஞ்சள் துணியில் சுற்றிய அரிவாளை அதற்குள் சொருகினார். என்னைக் குத்திவிடாமல் இருக்க முனையில் ஓர் எலுமிச்சம்பழம். பெண் குழந்தை மடியில் இருந்தால் சாமிக்குக் குற்றமில்லை, தூங்குகிற பிள்ளையைப் போலீஸ் எழுப்பப் போவதுமில்லை. இரண்டு பேரையும் ஒரே அடியில் சமாளித்துவிட்ட திருப்தி அம்மாவின் முகத்தில் தெரிந்தது.

காப்பார் தாண்டியும் பேச்சு அதைச் சுற்றியே போனது. யாராவது கேட்டால் டுரியான் பழம் வாங்கப் போகிறோம் என்று சொல்லலாம் என்றார் அப்பா. இவ்வளவு நீளக் கத்தியை வைத்து டுரியானை என்ன செய்வார்கள் என்று அம்மா கேட்டார். தோட்டத்தில் புல் வெட்ட என்று சொல்லலாமா என்று மாமா மெதுவாக ஆரம்பித்தார். "உன் தம்பி எதுவும் சொல்ல வேணாம்னு சொல்லு" என்றார் அப்பா, ரோட்டைப் பார்த்தபடியே. உண்மையைச் சொன்னால் என்ன என்று எனக்குத் தோன்றியது. ஆனால் மூன்று பெரியவர்களும் அதைச் சொல்லாததால், உண்மையில்தான் ஏதோ கோளாறு இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

கோலா சிலாங்கூர் தாண்டியதும் போலீஸ் ரோட்பிளாக். பட்டப்பகல், நல்ல வெயில். அம்மா திரும்பி என்னைத் தூங்கச் சொன்னார். நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு தலையணையைக் கட்டிக்கொண்டேன். பக்கத்தில் என் மேல் பட்ட மாமாவின் கை ஈரமாக இருந்தது. குளிர்சாதனம் ஓடிய காரில் அவருக்கு ஏன் அப்படி வியர்த்தது என்று எனக்குப் புரியவில்லை.

இளம் மலாய்ப் போலீஸ்காரர் ஒருவர் எல்லாருடைய ஐசி அடையாள அட்டையையும் வாங்கினார். அப்பாவுடையது உடனே திரும்பி வந்தது, அம்மாவுடையதும் வந்தது. மாமாவுடையது மட்டும் ரோட்டோரக் கூடாரத்துக்குள் போய் வரவே இல்லை. பிறகு எல்லாரையும் இறங்கச் சொன்னார்கள். நான் தலையணையோடு இறங்கினேன். தூங்குகிற பிள்ளை எப்படி நடப்பது என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

காரின் பின்னால் பூட்டைத் திறந்தார்கள். கூடையில் ஒரு சேவல், பெரிய சட்டி, அரிசி, தேங்காய், சுருட்டுக் கட்டு, ஒரு பாட்டில், பூமாலை. போலீஸ்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேவல் அவரை முறைத்தது. அவர் மலாயில் விளையாட்டாகத்தான் கேட்டார். கோழி இருக்கிறது, சட்டி இருக்கிறது, அறுக்கிற கத்தி எங்கே?

யாரும் பேசவில்லை. உண்மையில் எங்களிடம் அறுக்கிற கத்தியே இல்லை. ஓர் அரிவாளை ஒளித்து வைக்கும் மும்முரத்தில் சமையல் கத்தியை வீட்டிலேயே மறந்து வந்திருந்தார்கள். அம்மா அப்போதுதான் அதை உணர்ந்து வாயில் கை வைத்தார். அந்த மௌனம் போலீஸ்காரருக்குப் பிடிக்கவில்லை. மறுபடியும் கேட்டார், இந்த முறை சிரிக்காமல்.

கத்தி இல்லை என்று அவர் கவலைப்படுவதாக நான் நினைத்தேன். பள்ளியில் படித்த மலாயில், "இங்கே இருக்கிறது, சிக்கு" என்று சொன்னேன். எனக்குத் தெரிந்த மரியாதையான வார்த்தை அதுதான், ஆசிரியரை அழைப்பது. உறைக்குள் கையை விட்டு மஞ்சள் துணியோடு இழுத்தேன். எலுமிச்சம்பழம் உருண்டு அவருடைய பூட்ஸ் பக்கம் போய் நின்றது.

பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. இரண்டு பேர் ஓடி வந்தார்கள். அப்பாவையும் மாமாவையும் காரில் கை வைத்து நிற்கச் சொன்னார்கள். அம்மா என்னைத் தன்னோடு இழுத்து அணைத்துக்கொண்டார். யாருடையது இது என்று ஒருவர் கேட்டார். அவர் மாமாவைப் பார்த்துத்தான் கேட்டார்.

மாமா வாயைத் திறந்தார். அதற்குள் அப்பாவின் குரல் வந்தது.

"சாயா புன்யா, துவான்."

என்னுடையது என்கிறார் அப்பா. நான் திகைத்துப்போனேன். அது மாமாவின் அரிவாள் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். வகுப்புத் தோழியின் அழிப்பானை என்னுடையது என்று சொன்னதற்காக என்னை முட்டி போட வைத்தவர் இவர். அப்பாவைக் கூடாரத்துக்குள் அழைத்துப் போனார்கள். மாமா பின்னாலேயே ஓரடி வைத்தார். அப்பா திரும்பி ஒரு பார்வை பார்த்தார், மாமா நின்றுவிட்டார். "அவரு வேலை போயிடும், பாஸ் போயிடும்" என்று அம்மா முனகிக்கொண்டே இருந்தார். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தார். போலீஸ் கேஸ் என்று ஒன்று வந்தால் உள்ளே போகிற பாஸை எடுத்துவிடுவார்கள் என்பது வரைக்கும் எனக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் பொய் சொன்னார் என்பதுதான் தெரியவில்லை. சேவல் கூவிக்கொண்டே இருந்தது.

நல்ல வேளையாக ஒரு தமிழ் சார்ஜன் வந்தார். நரைத்த மீசை வைத்த பெரிய மனிதர். அரிவாளைத் துணியோடு தூக்கிப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், சுருட்டைப் பார்த்தார். எந்தக் கோயில், எந்தத் தோட்டம், பூசாரி யார் என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா அழுதுகொண்டே சொன்னார். அப்பாவிடம் போய், இந்த ஆள் யார் என்று மாமாவைக் காட்டிக் கேட்டார். வீட்டுக்காரியின் தம்பி, அவனுக்கு ஒன்றும் தெரியாது என்றார் அப்பா. கடையிலிருந்து தோளில் போட்டு எடுத்து வந்தவருக்கு எப்படித் தெரியாமல் போகும்? நான் வாயைத் திறக்கப் பார்த்தேன். அம்மாவின் கை என் வாயை மூடியது.

சார்ஜன் மாமாவின் ஐசியைக் கையில் வைத்துக்கொண்டு அவரை வெகுநேரம் பார்த்தார். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"சாமி அருவாள யாராச்சும் பாந்தால்ல ஒளிச்சு வைப்பாங்களாண்ணே? தட்டுல மாலையோட வச்சிருந்தா நாங்களே வழி விட்டிருப்போம்லா. ஒளிச்சு வச்சாத்தான் அது ஆயுதம்."

ஐசியை மாமாவிடம் நீட்டி, பார்த்து இரு தம்பி என்று மட்டும் சொன்னார். எலுமிச்சம்பழத்தை அவரே குனிந்து எடுத்துக் கொடுத்தார்.

பூட்டில் கிடந்த செருப்புகளெல்லாம் என் காலடிக்கு வந்தன. அரிவாள் தட்டில் மாலை போட்டுக்கொண்டு பின்னால் ஏறியது. இதைக் காலையிலேயே செய்திருக்கலாம் என்று எனக்கே தோன்றியது. சபாக் பெர்ணம் தாண்டிக் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

கோயிலில் பூசாரி அரிவாளை வாங்கிக்கொண்டு, யார் பேரில் காணிக்கை என்று கேட்டார். அம்மா பதில் சொல்வதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "மச்சான் பேர்ல" என்று சொல்லி, மாமாவின் தோளில் கை வைத்து முன்னால் நகர்த்திவிட்டார். போலீஸிடம் அவருடையதாக இருந்த அரிவாள் சாமியிடம் வந்ததும் மாமாவுடையதாகிவிட்டது. அப்பாவுக்குப் போலீஸைவிட முனீஸ்வரன் மேல்தான் பயம் அதிகம் என்று நான் முடிவு கட்டினேன். அவர் வாயிலிருந்து மச்சான் என்ற சொல் முதன்முதலாக வந்தது என்பதை நான் கவனிக்கவே இல்லை. பூசாரி வீட்டில் இரவல் வாங்கிய கத்தியால் சேவலை அறுக்கப் போகிறார்கள் என்பதுதான் அப்போது என் துக்கமாக இருந்தது.

மாமா சிங்கப்பூருக்குப் போனதே இல்லை என்பதை எனக்குப் பதினேழு வயதானபோது அம்மா சொன்னார். அவர் இருந்தது ஜெயிலில். பூச்சோங்கில் கூட்டாளிகளோடு ஒரு காரில் ஏறிப் போயிருக்கிறார். வழியில் போலீஸ் நிறுத்தியது, மாமா உட்கார்ந்திருந்த சீட்டுக்கு அடியில் பாராங் இருந்தது. யாருடையது என்று கேட்டார்கள். தன்னுடையது இல்லை என்று மாமா சொன்னது எடுபடவில்லை. தங்களுடையது என்று சொல்ல அந்தக் காரில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

அன்றைக்குக் கோயிலில் சாப்பிட்டு முடித்த பிறகு மாமா தனியாக ஒரு ரப்பர் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். மனத்தில் உறுத்திக்கொண்டிருந்ததை நான் அவரிடம் போய்க் கேட்டேன். அப்பா போலீஸிடம் சொன்னது பொய்தானே?

"ஆமாம்மா" என்றார் மாமா. "ரொம்பப் பெரிய பொய்."

அவர் கண்ணெல்லாம் கலங்கி, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. கறியில் காரம் அதிகம் என்று நினைத்து, ஓடிப்போய் அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.