பாதை முடிந்த இடம்

அண்ணை ஜெர்மனியிலிருந்து முதன்முதலில் அனுப்பிய படத்தில் அவருடைய சப்பாத்திலிருந்து முழங்கால்வரை செம்புழுதி. ஹனோவருக்குத் தெற்கே, காட்டுக் குன்றொன்றின் அடியில் நிற்கிறார்.

அந்தக் குன்றுக்குள் ஒருகாலத்தில் இரும்புக்கல் வெட்டினார்கள். வெட்டிய கல்லைச் சின்னப் பெட்டிகளில் ஏற்றி, ஒடுங்கிய தண்டவாளத்தில் காட்டுக்குள்ளால் இறக்கிவந்து, கீழே பெரிய ரயிலில் கொட்டுவார்கள். அது உருக்காலைக்குப் போகும். பிறகு கப்பலில் வந்த வெளிநாட்டுக் கல்லில் இரும்பு அதிகம், விலையும் மலிவு என்றானது. சுரங்கத்தை மூடினார்கள். மிஞ்சிய தண்டவாளத்தைக் கழற்றுவதுதான் அகதியாக வந்த அண்ணைக்குக் கிடைத்த முதல் வேலை.

அதே காலத்தில், சண்டையால் யாழ்ப்பாணத்து ரயிலும் நின்றுபோனது. தண்டவாளத்தையும் சிலிப்பர்க் கட்டைகளையும் குண்டுக்குப் பதுங்கும் பங்கர் கட்டக் கிளப்பிக்கொண்டு போனார்கள். அம்மா கடைசியாகப் படுத்துக் கிடந்தபோது நினைவு தப்பித் தப்பிக் கேட்டா: "ரெயில் வந்திட்டுதோ பிள்ளை? அவன் இறங்கியிருப்பான்."

"ஓம் அம்மா, வாறார்" என்றேன். தஞ்சம் கேட்ட அசூல் வழக்கு முடியாமல் அண்ணையால் நாட்டைவிட்டு அசைய ஏலாது என்று எனக்குத் தெரியும். கொள்ளி வைத்தது சித்தப்பாவின் மகன்.

நானும் ஜெர்மனிக்கு வந்து சேர்ந்த பிறகு ஒருநாள் அண்ணையிடம் கேட்டேன். "அம்மாவின்ர செய்தி வந்த அண்டைக்கு என்ன செய்தனீங்கள்?"

"வேலைக்குப் போனனான்."

அந்தப் பதில் எனக்குள் முள்ளாகவே கிடந்தது.

போன வருடம் அண்ணை போய்விட்டார். தகனத்துக்கு வந்திருந்த ஜெர்மன் முதியவர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். சுரங்க ரயிலின் ட்றைவராம். காலமெல்லாம் தான் ஓட்டிய பாதையைக் கழற்றி ஏற்றவும் அவரையே வைத்திருந்தார்களாம்.

"உன் அண்ணன் அன்று காலையிலிருந்து வாயே திறக்கவில்லை. விடாமல் கேட்டபோது, 'அம்மா செத்துப்போனா' என்றான். 'நீ போகவில்லையா?' என்றேன். முடியாதென்று தலையை மட்டும் ஆட்டினான். நான் பெட்டிகளைக் கழற்றிவிட்டு அவனை இஞ்சினில் ஏற்றினேன். எங்கே கூட்டிப்போவது என்று தெரியவில்லை. காட்டுக்குள்ளால் கீழே வந்து, பாதை முடிகிற இடத்தில் நிறுத்தினேன். அவன் இறங்கவில்லை. முன்னால் பார்த்தபடி, 'இன்னும் போ' என்றான். 'பாதை முடிந்துவிட்டது' என்றேன். 'இன்னும் போ' என்றான்."



அந்தப் பாதை இப்போது சைக்கிள் பாதை. சுரங்க வாயைக் கொங்கிறீட்டால் அடைத்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்துக்கு ரயில் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகும் அண்ணை அங்கே போகவில்லை. "ஆரிட்டைப் போக?" என்பார்.

தகனம் முடிந்த மறுவாரம் காட்டுக்குள்ளால் தனியே நடந்து கீழே போனேன். கல் கொட்டிய மேடையைப் புல் மூடியிருந்தது. அதற்கு அப்பால் பெரிய பாதையில் ஹனோவர் ரயில் நிற்காமல் போனது. அது கண்ணுக்கு மறையும்வரை நின்று, அண்ணை ஒருபோதும் என் முன்னால் அழாத அழுகையை நான் அழுதேன்.