மாலை போட்டவர் ஊதிய குழாய்

ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில், உள்ளே போகும் எல்லோரும் கேட்டில் ஒரு மிஷினின் குழாயில் ஊத வேண்டும். குடித்திருந்தால் சிவப்பு விளக்கு, இல்லையென்றால் பச்சை. மூன்று முறை சிவப்பு வந்தால் வேலை போய்விடும்.

கார்த்திகை மாதத்தில் எங்கள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநருக்கு இரண்டாவது சிவப்பு வந்தது. வாலாஜாபாத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருபவர். சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார்; இரண்டு சிவப்புமே அதற்குப் பிறகு வந்தவை. கேட் வரைக்கும் வெறுங்கால், உள்ளே வந்தால் சேஃப்டி ஷூ என்று இரண்டு தெய்வங்களையும் சமாளித்துக்கொண்டிருந்தார். “சாமி, செவப்பு வந்துடிச்சி சாமி, ஓரமா நில்லுங்க சாமி” என்று செக்யூரிட்டி பயபக்தியோடு அவரைப் பிடித்து நிறுத்தினாராம்.

அவர் நேராக என்னிடம் வந்தார். நான் குவாலிட்டி பிரிவு. நிகழ்தகவைப் பற்றி ஆன்லைனில் ஒரு பாடம் படித்துவிட்டு, கேன்டீனில் அகப்பட்டவர்களையெல்லாம் எது எதற்குக் காரணம் என்று வட்டமும் அம்பும் வரைந்து வதைத்துக்கொண்டிருந்த காலம் அது. என்னைக் கண்டாலே தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விடுவார்கள். எழுந்து போகாமல் கேட்டவர் இவர் ஒருவர்தான். அதனாலேயே அவர்மேல் எனக்குத் தனிப் பாசம்.

“மாலை போட்டப்புறம் அந்த வாசனகூட பாக்கல சாமி” என்றார். கண் கலங்கியிருந்தது. “வேல போனா இருங்காட்டுக்கோட்டைல வேற கம்பெனி பாத்துக்கலாம். மாலை போட்டுக்கினு குடிச்சான்னு பேர் வந்தா வூட்டுக்குள்ள போவ முடியாது.”

நான் எச்.ஆர். மேனேஜரிடம் போனேன். “குடிச்சவன் ஊதினா மிஷின் தப்பாம சிவப்பு காட்டும். இவருக்குச் சிவப்பு காட்டுது. அப்புறம் என்ன?” என்றார்.

“சார், மழை பெஞ்சா ரோடு நனையும். ஆனா ரோடு நனைஞ்சிருந்தா மழைதான்னு இல்ல. தண்ணி லாரி ஒழுகிட்டுப் போயிருக்கலாம்.”

“இங்க எந்த லாரி?” என்று கேட்டபடி கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். அந்த மாதம் சிவப்பு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் மாலை போட்டவர்கள். “பாத்தீங்களா? பக்தி வேஷம் போடறவங்கதான் ஜாஸ்தி குடிக்கிறாங்க.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனால் எண்கள் அவர் பக்கம் இருந்தன. ஒழுகும் லாரியைக் கண்டுபிடிக்காமல் வாய் திறப்பதில் பயனில்லை.

மறுநாள் காலை ஷிப்ட் மாறும்போது கேட்டில் போய் நின்றேன். ஆளுக்கொரு குழாய் என்பது விதி. எல்லோருக்கும் ஒரே குழாய் என்பது நடைமுறை. மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஊதிவிட்டுப் போனார்கள். மாலை போட்டவர்கள் மட்டும் நின்றார்கள். கண்டவன் எச்சில் பட்ட குழாயில் விரதக்காரர் வாய் வைப்பாரா? “சாமி, தொடச்சிக் குடுங்க சாமி” என்றார்கள். செக்யூரிட்டியும் பக்திமான். பஞ்சில் சானிடைசரைத் தாராளமாக ஊற்றி, குழாயை உள்ளும் புறமும் துடைத்து, ஈரம் காயாமலே நீட்டினார். சானிடைசரில் பாதிக்கு மேல் ஆல்கஹால்.

மேனேஜரைக் கையோடு கூட்டிவந்து, துடைத்த குழாயில் ஊதச் சொன்னேன். ஊதினார். சிவப்பு.

“சார், ஐடி கார்ட குடுத்துட்டு ஓரமா நில்லுங்க சார்” என்றார் செக்யூரிட்டி.

அன்று மதியமே ஓட்டுநரின் இரண்டு சிவப்பும் ரத்தாயின. ஆளுக்கொரு குழாய் வந்தது. அவர் கேன்டீனில் என் எதிரே உட்கார்ந்து, “வூட்ல காட்டணும், படமா போட்டுக் குடுங்க சாமி” என்றார். உடனே பேனாவை எடுத்தேன். மேலே மாலை என்று ஒரு வட்டம். அதிலிருந்து இரண்டு அம்பு: மாலை போட்டால் குடி குறையும், குழாயைத் துடைக்கச் சொல்வது கூடும். குடி, துடைப்பு இரண்டிலிருந்தும் கீழே சிவப்புக்கு அம்பு. துடைத்தது தெரிந்துவிட்டால் சிவப்புக்கு அதுவே போதும், குடியைத் தேடிப் போக வேண்டியதில்லை.

“மொதல்ல வந்து சொன்னப்ப என்ன நம்புனீங்களா சாமி?”

பொய் சொல்ல வரவில்லை. “முக்கால்வாசி நம்பினேன்.”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “முக்கால்வாசியா? வூட்ல கால்வாசிகூட நம்பல. அவளுக்கு எம்மேல பழைய கணக்கு நெறைய கீது.”

மறுநாள் முகம் வாடி வந்தார்.

“நம்பலயா?”

“நம்பிட்டா சாமி. அப்புறம் மேல கீற வட்டத்த கையால மறைச்சிக்கினு, மலைக்குப் போய் வந்து மாலைய கழட்டினா இந்தப் படம் இன்னா சொல்லும்னு உங்கள கேட்டுக்கினு வரச் சொன்னா.”

இத்தனை பேருக்குப் பாடம் எடுத்தும் ஒருவர்கூட என்னிடம் கேட்காத கேள்வி. பதில் எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

“சொல்லட்டுமா?” என்றேன்.

“வேணாம் சாமி. நீங்க லீவுன்னு சொல்லிடறேன்.”