குளிரில் வேர்த்த கண்ணாடி

திருமணப் படம் எடுக்கும் அவருக்கு ஊரார் இட்ட பெயர் பம்பரம். பெற்றோர் இட்ட பெயர் கடைப் பலகையில் இருக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை. நின்ற இடத்தில் நில்லாமை அவருடைய பிறவி இயல்பு. உண்ணும்போதும் ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். நாற்காலி என்பது கோட்டைக் கழற்றிப் போடுவதற்காகப் படைக்கப்பட்ட பொருள் என்று எண்ணுகிறவர்.

"இவரு அசையாம உக்காந்தது எங்க கல்யாணப் படத்துல மட்டும்தான். அதுலயும் கலங்கித்தான் விழுந்திருக்காரு," என்பார் அவர் மனைவி.

அந்த அம்மாளே அவருக்கு விளக்கு பிடிப்பவர். நீண்ட கழியின் முனையில் விளக்கை ஏந்தி நிற்பதும், மாப்பிள்ளையின் கழுத்துப்பட்டையை நேராக்குவதும், உம்மென்றிருக்கும் மாமனாரைச் சிரிக்கவைப்பதும் அவர் பொறுப்பு. கணவர் ஓட்டம் என்றால் மனைவி நிறுத்தம். இறைவன் இருவரையும் அறிந்தே இணைத்தான் என்று தோன்றும்.

பனிக்காலத்தை முன்பனி என்றும் பின்பனி என்றும் முன்னோர் இரண்டாக வகுத்தார்கள். பம்பரத்துக்கு இரண்டும் ஒன்றுதான். வெளிச்சம் விருந்தாளியைப் போல வந்து, உட்காருமுன் எழுந்து போய்விடும் காலம் அது. மற்ற விரல்களை உறைக்குள் விட்டு, பொத்தானை அழுத்தும் விரலுக்கு மட்டும் உறையின் நுனியை வெட்டி வைத்திருப்பார். பேட்டரிகள் குளிரில் சோர்ந்துவிடும் என்பதால் அவற்றைச் சட்டைக்குள்ளே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரிவார். "பெத்த பிள்ளையக்கூட இவரு இப்படிச் சுமந்ததில்ல," என்பார் மனைவி.

ஆனால் பனிக்காலத்தில் அவரைப் பாடாய்ப் படுத்துவது வேறொன்று. வெளியே விறைத்துக் கிடந்த கேமராவை வெதுவெதுப்பான மண்டபத்துக்குள் அப்படியே கொண்டுவந்தால், அறையின் ஈரமெல்லாம் அதன் கண்ணாடியில் வந்து படியும். பாலை ஊற்றியதுபோல் எல்லாம் வெளுத்துவிடும். அதைக் கணவனும் மனைவியும் 'வேர்ப்பது' என்பார்கள். அதனால் வாசலிலேயே கேமராவைத் தடித்த பிளாஸ்டிக் பைக்குள் காற்றுப் புகாமல் கட்டி, உள்ளே ஒரு மூலையில் வைத்து, அது மெல்லச் சூடேறும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குத் 'தூங்க வைப்பது' என்று பெயர். கேமரா தூங்கும், பம்பரம் குட்டி போட்ட பூனையாக அதைச் சுற்றிச் சுற்றி வருவார்.

"ஆக்கப் பொறுத்தீங்க, ஆறப் பொறுக்கக் கூடாதா?"

"ஆறறதுக்கு இல்லடி, சூடேறறதுக்குப் பொறுக்கணும். அதுக்குப் பழமொழி இருக்கா?"

"பதறாத காரியம் சிதறாது. போதுமா?"

இப்படியாக முன்பனி நடந்துகொண்டிருந்தபோது, சலவைக்கடையின் மாடியிலிருந்த அவர்கள் கடைக்கு ஒரு பெண் வந்தாள். மருத்துவமனைச் செவிலி. மறுவாரம் மணப்பெண். ஆல்பத்தின் அட்டை நிறத்தைக்கூட அவள் கேட்கவில்லை.

"அண்ணே, எனக்கு வேண்டியது ஒரே ஒரு படம். நான் நடுவுல. ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் அப்பா."

"அது இல்லாத கல்யாணம் எங்கம்மா இருக்கு?"

"எங்க வீட்டுல இருக்கு."

அப்பா லாரி ஓட்டுகிறவர். அவள் பள்ளியில் படிக்கும்போது ஒரு காலையில் "வரேன்" என்று சொல்லிக் கிளம்பியவர், வேறோர் ஊரில் தங்கிவிட்டார். மகளோடு தொலைபேசியில் பேசுவார். வீட்டுப் படி மிதித்ததில்லை. மூவரும் சேர்ந்திருந்த படம் ஒன்றே ஒன்று இருந்தது.

"அம்மா தையல்காரிண்ணே. கத்திரி போட்டா நூல் பிசகாது. அந்தப் படத்துல என் தோள் மேல அப்பாவோட கை மட்டும் இருக்கு. மிச்சத்தக் காணோம்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். விளக்குப் பிடிக்கும் அம்மாள் மட்டும் அந்தச் சிரிப்பில் கலந்துகொள்ளவில்லை.

ஓராண்டு மன்றாடி இருவரையும் இசைய வைத்திருந்தாள். தாயின் நிபந்தனை: கூட்டத்துக்கு முன்னால் அல்ல, மணப்பெண் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, ஒரே படம், கைப்பேசி எதுவும் கூடாது. "போன்ல எடுத்தா ராத்திரிக்குள்ள ஊரெல்லாம் சுத்தும். நான் வேடிக்கைப் பொம்மை இல்ல." தந்தையின் நிபந்தனை: சரக்கு ஏற்றிய வண்டியோடு வழியில் வந்து தலைகாட்டுவார், பனி கொட்டினால் மலைப்பாதையை அடைத்துவிடுவார்கள், ஆகவே நின்று பேச நேரமிருக்காது.

"எடுத்துத் தரேன்மா. அது என் பொறுப்பு," என்றார் பம்பரம்.

அவள் படியிறங்கியதும் மனைவி சொன்னார்: "வாக்குக் குடுக்கறதுலயும் அவசரம்."

திருமண நாளன்று கேமரா முறைப்படி தூங்கி எழுந்தது. அவர்களிடம் இருந்ததும் அன்று அந்த ஒன்றுதான். பழையது பருவத்தின் முதல் குளிரிலேயே மூச்சடங்கிப் பழுதுபார்ப்பவரிடம் போயிருந்தது. மோதிரம் மாற்றியதும், மாப்பிள்ளையின் அக்காள் அழுததும், அழுகையினூடே அவள் தலை அலங்காரத்தைச் சரிசெய்துகொண்டதும் படமாயின. ஆனால் ஒவ்வொரு படத்திலும் மணப்பெண்ணின் முகம் சிரிக்க, கண் மட்டும் வாசலுக்குப் போய்வந்தது. தந்தையைக் காணோம்.

வெளியே பனித்தூறல் தொடங்கிவிட்டது. பம்பரத்துக்குத் தரை சுட்டது. சாலையைப் பார்த்து வருவதாக வெளியே போனார், திரும்பினார், மறுபடியும் போனார்.

"என்னங்க, போறதுன்னா கேமராவ வச்சுட்டுப் போங்க."

"இதோ வந்துட்டேன்."

கழுத்தில் கேமரா இல்லாவிட்டால் கையை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியாது. மார்பில் தொங்கவிட்டபடியே சாலையோரத்தில் போய் நின்றார். வருகிற விளக்கெல்லாம் லாரி விளக்காகத் தெரிந்தது. கேமராவின் இரும்பும் கண்ணாடியும் சத்தமின்றிக் குளிரைக் குடித்துக்கொண்டிருந்தன.

கடைசியில் லாரி வந்து நின்றது. இறங்கியவர் கறுத்த கம்பளிக் கோட்டணிந்த நெட்டை மனிதர். எஞ்சினை அணைக்கவில்லை. மண்டபத்தின் விளக்குகளைப் பார்த்தார். தம் காலணியைப் பார்த்தார்.

"நீங்கதான் படக்காரரா? இங்கயே வாசல்ல எடுத்துட முடியாதா? அவளக் கூப்பிடுங்க."

"ஐயா, உள்ள அவங்க அம்மா..."

"அதான் யோசிக்கிறேன்."

மனிதர் ஒரு காலைப் பின்வாங்குவது தெரிந்தது. பம்பரத்துக்கு வேறு நினைவே இல்லாமற்போயிற்று. வந்தவரின் கையைப் பற்றினார். பக்கக் கதவு வழியே, பையும் இல்லை தூக்கமும் இல்லை, நேரே மணப்பெண் அறைக்குள் இழுத்துக்கொண்டு ஓடினார்.

அறையில் கணப்பு எரிந்துகொண்டிருந்தது. தாய் சன்னலோரம் நின்றார். சட்டைக் கழுத்தில் அவசரத்துக்கென்று செருகிய ஊசி, அதில் மணமகள் உடைக்கான வெள்ளை நூல். பெண் ஓடி வந்தாள், கதவைச் சாத்தினாள், தந்தையை ஒரு பக்கமும் தாயை மறுபக்கமும் நிறுத்தி நடுவில் நின்றாள். மனைவியின் கையில் விளக்கு உயர்ந்தது. பம்பரம் கேமராவைக் கண்ணில் வைத்தார்.

எதிரே மூவரும் இல்லை. வெள்ளை மட்டுமே இருந்தது.

துடைக்கக் கைக்குட்டையை எடுத்தவரின் மணிக்கட்டை மனைவி பிடித்தார். "துடைக்காதீங்க. துடைச்சா பூசின மாதிரிதான் ஆகும். உள்ளயும் வேர்த்திருக்கு."

"என்னாச்சு?" என்றார் லாரிக்காரர்.

"கேமராவுக்கு வேர்த்துப்போச்சுங்க."

"குளிர்லயா?"

"ஆமாங்க. தானாத் தெளியணும். கொஞ்ச நேரம்."

வெளியே எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. தாய் சன்னலைப் பார்த்தபடி மகளிடம் சொன்னார்: "உங்கப்பாவுக்கு நேரமாகுதான்னு கேளு. வண்டியே அவசரப்படுது."

"நான் ஒண்ணும் சொல்லலன்னு உங்கம்மாகிட்ட சொல்லு."

"ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே கேக்குது?" என்றாள் மகள்.

பம்பரத்தின் குதிகால் தரையில் தாளம் போட்டது. மனைவி தம் காலை நகர்த்தி அந்தக் காலின்மேல் வைத்து அழுத்தினார்.

சற்றுப் பொறுத்து லாரிக்காரர், "எஞ்சின அணைச்சிட்டு வரேன்," என்றார்.

அந்தச் சொல் அறையில் கல்லாக விழுந்தது. 'வரேன்' என்பது நம் மொழியில் விடைபெறுவதற்கும் உரியது, திரும்பி வருவதற்கும் உரியது. எது எந்தப் பொருளென்று, சொன்னவர் திரும்பும்வரை தெரியாது.

"அன்னிக்கும் இதே சொல்லுதான்," என்றார் தாய். மகளிடம் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை.

கதவு திறந்து மூடியது. மணப்பெண் பூச்செண்டின் காம்புகளை இறுக்கிப் பிடித்திருந்தாள். எஞ்சின் ஓசை கேட்டுக்கொண்டே இருந்தது. அது உரத்தால் போகிறது என்று பொருள். அடங்கினால் நிற்கிறது என்று பொருள். பம்பரத்துக்கு ஓடிப்போய்ச் சாலையில் குறுக்கே விழ வேண்டும்போல் இருந்தது. தம்மால் வந்த வினை என்ற எண்ணம் அவரைச் சுட்டது. கண்ணாடியைப் பார்த்தார், ஓரத்தில் மட்டும் நகக்கண் அளவுக்கு வெண்மை விலகியிருந்தது.

ஓசை ஒருமுறை உரத்தது. பிறகு அடங்கியது.

லாரிக்காரர் தோளில் பனித்துகளோடு உள்ளே வந்தார். மகளின் பக்கத்தில் தம் இடத்தில் நின்றார். அவளது உடையின் கையைப் பார்த்து, "அம்மா தைச்சதா?" என்றார்.

"பின்ன, கடையிலயா வாங்குவாங்க?" என்று தாயே சொல்லிவிட்டார். சொன்னபின் திரும்பினார். திரும்பியதில் கண் அந்தக் கோட்டின்மேல் விழுந்தது. வண்டியில் ஏறி இறங்கியதில் நெஞ்சருகே ஒரு பொத்தான் ஒற்றை நூலில் ஊசலாடிக்கொண்டிருந்தது. பிறர் குற்றம் எதையும் பொறுக்கக்கூடும், தொங்கும் பொத்தானைத் தையல்காரி பொறுப்பதில்லை.

"இப்படியேவா படத்துல நிக்கப் போறீங்க? கழட்டுங்க."

"கிளம்பணும். கழட்டினா மறுபடி..."

"அப்ப அசையாம நில்லுங்க."

கழுத்திலிருந்த ஊசியை எடுத்தார். மகள் தானாகவே ஓரடி பின்னே நகர்ந்தாள். தாய் அந்தக் கோட்டைப் பற்றி, ஊசியை ஏற்றி இறக்கினார். லாரிக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்தார்.

"வெள்ளை நூலா?"

"கறுப்பு கொண்டு வரல. நீங்க வருவீங்கன்னு யாரு கண்டா?"

பின்னால் நின்ற மணப்பெண் இரண்டு கைகளாலும் பூச்செண்டை வாய்மேல் அழுத்திக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில் கண்ணாடி தெளிந்தது. பம்பரம் பார்த்தார்: ஊசி, நூல், குனிந்த தலை, நிமிர்ந்த முகவாய், பின்னே பூக்களுக்குமேல் இரண்டு கண்கள். இத்தனை ஆண்டும் அலைந்ததெல்லாம் இதற்குத்தானோ என்று எண்ணும்படி ஒரு படம் அவர் கண்முன்னே நின்றது. வெட்டிவிட்ட உறையின் வழியே விரல் பொத்தானைத் தொட்டது. அழுத்தினால் சத்தம் கேட்கும். கேட்டால் அந்த அம்மாள் கையை இழுத்துக்கொள்வார். ஒரே படம் என்ற நிபந்தனைப்படி அந்த ஒன்றும் அத்தோடு முடிந்துவிடும். கேட்டவள் கேட்டபடி நடுவில் நிற்கவும் மாட்டாள்.

விரலை எடுத்தார்.

"இன்னும் தெளியலைங்க," என்றார்.

மனைவி எட்டிப் பார்த்தார். பளிங்குபோல் இருந்த கண்ணாடியைக் கண்டார். கணவரின் முகத்தையும் கண்டார். "ஆமா, இன்னும் நல்லா வேர்த்திருக்கு," என்று விளக்கைத் தாழ்த்திக்கொண்டார்.

தாய் அவசரப்படவில்லை. ஒரு பொத்தானுக்கு வேண்டியதைவிடக் கூடுதலாகவே நூல் ஓடிற்று. அடியில் சுற்றி, முடிச்சிட்டு, குனிந்து பல்லால் கடித்தார். பிறகு கோட்டை ஒருமுறை தட்டிவிட்டு விலகி நின்றார். பம்பரம் அதுவரை அசையவேயில்லை. காலை மிதித்திருந்த மனைவி எப்போதோ தம் காலை எடுத்துவிட்டிருந்தார். அது அவருக்குத் தெரியவில்லை.

"இப்பத் தெளிஞ்சிடுச்சுங்க. வாங்க."

மகள் நடுவில் வந்து நின்றாள். ஒரே படம். மூவரும் விறைப்பாகத்தான் நின்றார்கள். தந்தை கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் இருந்து, ஒளி மின்னுவதற்குச் சற்றுமுன் மகளின் தோள்மேல் வைத்தார்.

"வரேன்மா," என்றார் பிறகு. கதவருகே ஒருமுறை நின்று, அறைக்குப் பொதுவாக, "வரேன்," என்றார்.

தாய் ஊசியைக் கழுத்தில் திரும்பச் செருகிக்கொண்டிருந்தார். "கறுப்பு நூல் வீட்டுல இருக்கு," என்றார். அவ்வளவுதான்.

பம்பரம் கேமராவை மனைவியின் கையில் கொடுத்துவிட்டு வழியனுப்ப ஓடினார். வெளியே வந்தபின்தான் கழுத்து வெறுமையாக இருப்பது தெரிந்தது. கைகளை அக்குளில் செருகிக்கொண்டார். லாரிக்காரர் ஏறி அமர்ந்து, எஞ்சினை முடுக்கி, சன்னல் கண்ணாடியை இறக்கினார்.

"படம் வந்துச்சா?"

"வந்துச்சுங்க."

"பொத்தான் தெரியுமா?"

"தெரியுங்க. வெள்ளை நூல். நல்லாவே தெரியும்."

அவர் தலையசைத்தார். வண்டி நகர்ந்து மலைப்பக்கம் திரும்பியது. பனி இன்னும் பாதையை அடைக்கும் அளவுக்கு வலுக்கவில்லை.

"என்னங்க!" பக்கக் கதவில் மனைவியின் குரல். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எல்லாரும் வரிசையா நிக்கிறாங்க. எங்க போய்த் தொலைஞ்சீங்க?"

"வரேன், வரேன்!" என்று பம்பரம் ஓடினார்.